கினிக் கூட்டுக்குப் படங்கு இறக்கும் நேரம்

கிட்ட வந்து உட்காருங்க. எனக்குச் சத்தமாகப் பேச வராது, இது சத்தமாகச் சொல்கிற கதையும் இல்லை. கினிப்பன்றி விற்கிற தொழிலில் விற்பது சுலபம். விற்ற பிறகு, வாங்கினவர் வீட்டு வெயிலையும் பனியையும் நினைத்துக்கொண்டு படுப்பதுதான் கஷ்டம்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மர ஆலையில் பலகை அறுத்தேன். கை நடுங்கத் தொடங்கியதும் வீட்டோடு நின்றேன். மிச்சப் பலகையில் ஒரு கூடு அடித்து, யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு சோடியை அதில் போட்டேன். அது பெருகியது. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியச் சரிவில் "கினிக்காரர் வீடு எது" என்று கேட்டால் பஸ் கண்டக்டரே கை காட்டுகிற அளவுக்கு வந்தது. பேரின் பின்பாதி, பன்றி என்கிறது, அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் வாயில் வராது. அதனால் எல்லோருக்கும் பொதுவாகக் கினி என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

பின்வாசலில் கூடு வைத்து, வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரே நாளில் மூன்று காலம் வரும். விடியும்போது பனி. மத்தியானம் தகரத்தில் தோசை சுடலாம். பிறகு மழை. மனுஷன் சட்டையைக் கழற்றுவான், திரும்பப் போடுவான். கினிக்குப் போட்ட சட்டை போட்டதுதான். வேர்க்கவும் தெரியாது அதற்கு.

இரண்டு சட்டம்

"அப்படிக் கஷ்டமென்றால் வீட்டுக்குள்ளே வைக்க வேண்டியதுதானே" என்று கேட்பீர்கள். கேட்காதவர் இல்லை. என் மகன் மூர்த்தியின் மனைவி சுதாவுக்கு நெஞ்சில் இழுப்பு. பூனை மயிர், வைக்கோல் தூசி எது பட்டாலும் மூச்சு விசில் அடிக்கும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் மூடி போட்டு மருந்துப் புகை பிடித்தால்தான் அடங்கும். மயிருள்ள எதுவும் வீட்டுப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சட்டம் போட்டார். வெளியில் வைத்த எதுவும் குளிராலோ வெயிலாலோ சாகக்கூடாது என்று நான் ஒரு சட்டம் போட்டேன். இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில்தான் என் கூடு நின்றது.

சுதா நல்ல பிள்ளை. கூட்டுக்கென்று காய்கறித் தோலும் காம்பும் எடுத்து வைத்து, ஜன்னல் வழியாகத்தான் நீட்டுவாள். கூட்டுப் பக்கம் வரமாட்டாள், வரவும் முடியாது. ஒருநாள் கொய்யாக்காய்த் துண்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "மாமா, உங்க பிள்ளைங்க வெளிய இருக்கிற வரைக்கும் எனக்கும் பிள்ளைங்கதான். அதுக உள்ள வந்தா, நான் வெளிய."

பரமேஸ்வரன் ஐயாவின் மாளிகை

அரசாங்கக் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் வீட்டுக்கு மேல் ரோட்டில் குடியிருக்கிறவர் பரமேஸ்வரன் ஐயா. யாழ்ப்பாணத்து மனுஷர். வேலையில் அரைகுறை பிடிக்காது. சோடி வாங்க வந்தவர் குளிருக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒரு மணித்தியாலம் கேட்டார். பிறகு கூடு கட்டினார் பாருங்க, நான் கட்டினதெல்லாம் கூடா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. இரட்டைப் பலகைச் சுவர், ஒரு இடுக்கு இல்லை. காலைச் சூரியன் முதலில் படுகிற சீமெந்து மொட்டைமாடியில் தூக்கி வைத்தார். மேலே பளபளவென்று புதுத் தகரம்.

"ஐயா, தகரத்துக்கு மேல கொஞ்சம் தென்னங்கிடுகு போடுங்க, கூட்டைத் தூக்குற மாதிரி வைங்க, வெயில் ஏறினா நிழலுக்கு மாத்தலாம்" என்றேன். "ஓம் ஓம், பாப்பம்" என்றார். காலையில் கினி இரண்டும் வெயில் காய்வதைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருநாள் பென்ஷன் விஷயமாகக் கண்டிக்கு இறங்கினவர், பஸ் நெரிசலில் பிந்தி, வெயில் உச்சியில் நின்றபோதுதான் வீடு திரும்பினார். கூட்டைத் திறக்கும்போது கைப்பிடியே சுட்டதாம்.

என்னிடம் வந்து திரும்ப ஒரு சோடி கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார், தேத்தண்ணியை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். எழும்பும்போது சொன்னார்: "குளிருக்கு நான் செய்யாத வேலை இல்லை, செல்லமுத்தண்ணை. மத்தியானம் எண்டு ஒண்டு வரும் எண்டுதான் நினைக்கேல்லை."

பச்சைப்பிள்ளை வைத்தியம்

வத்தேகமைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற ராசாத்தி எங்கள் சொந்தக்காரி முறை. அவளும் ஒரு சோடி கொண்டுபோனாள், இரண்டும் பெட்டை. அங்கே பனி எங்கள் இடத்தைவிட மோசம். லயத்து ஒற்றை அறைக்குள் இடம் எங்கே? வாசல் திண்ணை, இஸ்தோப்பு என்போம், அதன் ஓரத்தில் பலகைப் பெட்டி. நெஞ்சில் குளிர் இறங்கக்கூடாதே என்று, பிறந்த பிள்ளைக்குச் செய்கிறதையெல்லாம் அவள் செய்திருக்கிறாள். காலுக்குத் தைலம். பழைய கம்பளித் துண்டு. பின்நேரமானால் பெட்டிக்குக் கீழே தணல் சட்டி வைத்து, சாம்பிராணி தூவி, மேலே சாக்கைப் போட்டு மூடுவது.

கினியின் நெஞ்சு புகைக்குத் தாங்காது. ஈரத்துக்குத் தாங்குகிறதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். ஒன்று போய்விட்டது. மற்றது எப்படிப் பிழைத்தது தெரியுமா? பெட்டிப் பலகையில் ஒரு ஓட்டை இருந்ததாம். புகை போட்ட நேரமெல்லாம் அந்த ஓட்டையில் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றதாம். அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள் ராசாத்தி. பழுப்பும் வெள்ளையும், ஒரு காது மட்டும் கறுப்பு. வந்த அன்றைக்கே கூட்டிலிருந்த மற்றதையெல்லாம் அதட்டி மூலைக்கு மூலை நகர்த்தியதைப் பார்த்து அதற்குக் கங்காணி என்று பேர் வைத்தேன். தோட்டத்தில் எங்களை மேய்த்தவர்களை அப்படித்தான் கூப்பிட்டோம். ஆனால் ராசாத்திக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாலு பிள்ளைய இந்தப் பொகையிலதாண்ணே வளத்தேன். இதுவும் பிள்ளதானேன்னு போட்டேன்."

அக்குறணை முட்டி

அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம், பரீதா என்கிற தங்கச்சி வந்து ஒரு சோடி வாங்கினாள். கீழ்த்தரை ஊர், எங்களைவிடச் சூடு. கடைக்குப் பின்னால் பலாமரத்து நிழலில் கூடு, காற்றோட்டம், எல்லாம் சரியாக இருந்தது. அப்படியும் கினிக்கு ஓயாமல் தும்மல். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. போய்ப் பார்த்தேன். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கூட்டிலிருந்து கினியைத் தூக்கிக்கொண்டு ஏசி ஓடுகிற கடைக்குள் ஓடுகிறார்கள். துணிக்கட்டுக்கு மேலே கொஞ்ச நேரம் விளையாட்டு. வாடிக்கையாளர் வந்தால் திரும்பப் பின்னால், வெக்கைக்கு. ஆள் போனால் திரும்ப ஏசிக்கு.

"தங்கச்சி, குளிர் கொல்றதவிட, வெயில் கொல்றதவிட, மாறி மாறி வர்றதுதான் கூடக் கொல்லும்" என்றேன். பரீதா உடனே பிள்ளைகளுக்குத் தடை போட்டாள். அத்தோடு நிற்கவில்லை. வீட்டில் தண்ணீர் வைக்கிற பழைய மண் முட்டிகள் கிடந்தன. ஒன்றைச் சாய்த்துக் கூட்டுக்குள் வைத்தாள். மத்தியானம் கினி இரண்டும் அதற்குள் புகுந்து குளிர்ச்சியாகப் படுத்துக்கொண்டன. எனக்குத் தோன்றாத யோசனை அது. எனக்கும் ஒரு முட்டியைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தாள். ஆனால் தும்மலோடு இருந்ததில் ஒன்று தேறவில்லை. தொலைபேசியில் சொன்னாள்: "எங்களுக்குச் சுகமா ஈக்கிறது எல்லாம் அதுக்கும் சுகம்ண்டுதான் நான் நெனச்ச, அண்ணன். புள்ளயள் இன்னும் அந்த முட்டிக்குள்ள எட்டிப் பாக்குதுகள்."

கேள்விக்காரன்

இப்படி ஒவ்வொன்றாகக் காதில் விழ விழ, நான் விற்கிற விதமே மாறிவிட்டது. யாராவது வந்தால் முதலில் கூட்டைக் காட்டமாட்டேன். கேள்வி கேட்பேன். கூடு எந்தத் திசை பார்க்கும்? காற்று எந்தப் பக்கத்திலிருந்து? மத்தியானம் வீட்டில் யார்? மழைச்சாரல் அடித்தால் தரை காய எவ்வளவு நேரமாகும்? பாம்பு, கீரி உண்டா? பாதிப்பேர் பதில் சொல்லாமலே போய்விடுவார்கள்.

ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார், மகளுக்குப் பிறந்தநாள் பரிசாம். கினியைத் தலைக்கவசத்துக்குள் போட்டு வெயிலில் கொண்டுபோகப் போகிறார் என்று தெரிந்ததும், குளிர்ந்த நேரமாகப் பார்த்து, ஓட்டை போட்ட பெட்டியோடு வாருங்கள் என்றேன். அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சொன்னார்: "பொண்ணக் கட்டிக் குடுக்கிறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான், பெரியவரே."

கயிறு

தேயிலை பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற கெட்டிச் சாக்குத் துணியைத்தான் படங்கு என்போம். என் கூட்டில் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு படங்கைச் சுருட்டி, மேலே கயிற்றால் கட்டி, கயிற்று நுனியைக் கீழே கூட்டு வலையில் முடிந்து வைத்திருந்தேன். பனியோ சாரலோ வந்தால் இறக்குவது, வெயில் வந்தால் ஏற்றுவது. இந்தத் தொழிலில் படிப்பென்று இருந்தால் படங்கை எந்நேரம் இறக்குவது என்பதுதான். பிந்தினால் குளிர் உள்ளே போகும். முந்தினால் உள்ளே புழுங்கி, மூத்திர வாடை ஏறி, அதுவும் நெஞ்சுக்குத்தான் கேடு. எனக்கு மணிக்கூடு இரண்டு இருந்தன. ஒன்று கங்காணி. பனி இறங்குவதற்கு முன்னாலேயே பரீதா தந்த முட்டியை விட்டு எழுந்து, மூலை வைக்கோலுக்குப் போய், வீக் வீக் என்று மற்றதையும் கூப்பிடுவாள். மற்றது சுதா. அதே நேரத்துக்குச் சமையலறையில் இருமுவாள்.

ஒருமுறை நாங்கள் எல்லோரும் வத்தேகமைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். நல்ல வெயிலில் போனதால் படங்கு மேலே கட்டியிருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் இருக்கும்போது மழை. பஸ் ஏறி, சரிவில் விழாத குறையாக ஓடிவந்து பார்த்தால் படங்கு இறங்கியிருக்கிறது. கயிற்றின் நுனி பல்லால் நறுக்கியிருந்தது. உள்ளே எல்லாம் காய்ந்த வைக்கோலில், கங்காணி வாயில் நைலான் நார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவளுக்குக் கடிக்க வசதியாக நைலானை விட்டுவிட்டு வாழைநாரால் கட்டத் தொடங்கினேன். அடுத்த கிழமை கொளுத்துகிற வெயிலில் அதையும் தின்று படங்கை இறக்கிவிட்டாள். நான் ஓடிப்போய் ஏற்றினேன். மூர்த்தி படியில் உட்கார்ந்து சிரித்தான்: "அது கயிறு தின்னுச்சு அப்பா. மழைய நீங்க சேத்துக்கிட்டீங்க."

சுதாவின் காது

பிறகு அந்த மழைக் காலம். காற்று வழக்கமாக வருகிற பள்ளத்தாக்குப் பக்கத்திலிருந்து வராமல் மலைப்பக்கத்திலிருந்து திரும்பி அடித்தது. நாள் முழுக்க ஈரம். நடுவில் ஒரு நாள் திடீரென்று சுள்ளென்று வெயில், அது போனதும் திரும்பச் சாரல். மலைப்பக்கமும் பலகை அடித்தேன், வைக்கோலை மாற்றினேன், போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றி வைத்தேன். எல்லாம் மேய்கிறது, எல்லாம் கத்துகிறது. நன்றாக இருப்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. கினி அப்படித்தான், சுகமில்லாததை ஒளித்து வைக்கும்.

கண்டுபிடித்தது சுதா. ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று, "மாமா, கூட்டுல யாருக்கோ இழுக்குது" என்றாள். எனக்கு மழைச் சத்தம்தான் கேட்டது. காதைக் கூட்டில் வைத்துக் கேட்டேன். மெல்லிய விசில், சுதாவின் நெஞ்சில் கேட்கிற அதே விசில். மிருக வைத்தியர் சொட்டு மருந்து தந்தார். ஒவ்வொன்றையும் மடியில் வைத்து ஊற்றினேன். முக்கால்வாசி போய்விட்டன. பின்வாசலில் நின்று அவற்றைப் புதைக்கும்போது, சுதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தாள். நான் போட்ட சட்டம் உடைந்துவிட்டது என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். "எனக்கு இழுத்தா ஆஸ்பத்திரி இருக்கு மாமா. அதுகளுக்கு இந்தப் படங்கு மட்டும்தானே இருந்துச்சு" என்றாள்.

கதவு திறந்திருந்த காலை

தப்பியதையெல்லாம் அக்குறணைக்குக் கொடுத்துவிட்டேன். கீழே குளிர் இல்லை, பரீதாவின் கை நல்ல கை. கங்காணியை மட்டும் கொடுக்கவில்லை. வயதாகிவிட்டது, சாம்பிராணி தின்ற நெஞ்சு வேறு, இடம் மாறினால் தாங்கமாட்டாள். பெரிய கூட்டில் ஒற்றை ஆள். அதட்ட யாரும் இல்லாததால் என்னை அதட்டினாள். தை மாதப் பனியில் அவளுக்கும் இழுக்கத் தொடங்கியது. படங்கை இரண்டாக மடித்துப் போட்டேன். முட்டிக்குள் வைக்கோல் திணித்தேன். சுடுதண்ணீர்ப் போத்தல் ஆறுகிறது, மாற்றுகிறேன், திரும்ப ஆறுகிறது. சூடு ஒரே மாதிரி நின்றால் பிழைத்துவிடுவாள் என்று தெரியும். வெளியில் எதுவும் ஒரே மாதிரி நிற்கிறதில்லை.

ஒரு காலை, கூட்டைத் துடைக்க அவளைத் தூக்கி வாசலில் விட்டேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. சுதா தண்ணீர் ஊற்ற வெளியே வந்திருந்தாள். கங்காணி புல்லைப் பார்க்கவில்லை, நான் போட்ட கொய்யாவையும் பார்க்கவில்லை. நின்று நின்று மூச்சு வாங்கி, நேரே நடந்தாள். படியில் முன்கால் வைத்து ஏறினாள். நான் பதறி எழும்புவதற்குள் பிரிட்ஜுக்குப் பின்னால் நுழைந்துவிட்டாள். பிரிட்ஜுக்கு உள்ளேதான் குளிர். முதுகுப்பக்கம் எந்நேரமும் மெல்லிய சூடு, மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அதே சூடு. நான் குனிந்து கையை விட்டேன். சுதா என் தோளைப் பிடித்தாள். மூக்கில் துணி கட்டியிருந்தாள், குரல் துணிக்குள்ளிருந்து வந்தது.

"விடுங்க மாமா. அவ படுத்திருக்கிற இடம் எனக்கும் தெரியும். இழுப்பு வந்தா நானும் அந்தப் பக்கம் போய்த்தான் முதுக வச்சுக்கிட்டு நிப்பேன்."

மூர்த்தி வந்ததும் சத்தம் போட்டான். சுதா சமையலை என்னிடம் விட்டுவிட்டு முன்னறையில் படுத்துக்கொண்டாள், இருமினாள், கங்காணியை வெளியே எடுக்கச் சொல்லவில்லை. கங்காணி பிரிட்ஜின் சத்தத்தோடு சத்தமாக இழுத்துக்கொண்டு அங்கேயே இருந்து, ஒரு பின்நேரம், வெளியே மழை கொட்டுவது தெரியாமலே முடிந்தாள்.

கினியை வெளியில் வைத்து வளர்ப்பது எப்படி என்று ஊரைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் சொன்னவன் நான். என் கூட்டிலேயே புத்தியுள்ளவள் கடைசியாகச் செய்தது, எழுந்து வீட்டுக்குள் நடந்துபோனது.